டேங்கரில் ஏறிய முட்டைக் கிருமி: மினசோட்டா ஐஸ்கிரீம் நிகழ்வு, 1994

1994 செப்டம்பர் கடைசியில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் சுகாதாரத் துறையில் ஒரு கணக்கு இடித்தது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக வந்தவர்களின் மலத்தைக் கல்ச்சர் வைத்தால், அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்தால், ஒரே கிருமி திரும்பத் திரும்ப முளைத்தது: சால்மோனெல்லா என்டெரிடிடிஸ். செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 10 வரை, மூன்றே வாரத்தில் 80 பேருக்கு அது உறுதியானது. 1993ஆம் ஆண்டு முழுக்க அந்த மாநிலத்தில் பதிவானதே 96 பேர்தான்.

இந்தக் கிருமியின் பெயரைக் கேட்டாலே அன்றைய ஆய்வாளர்களின் நினைவுக்கு முதலில் வருவது முட்டை. ஆனால் இந்த முறை விசாரணை போய் நின்ற இடம் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. பாலும் கிரீமும் முறையாகப் பாஸ்டரைஸ் செய்யப்பட்ட (கிருமி சாகும்படி சூடாக்கப்பட்ட), நாடு முழுக்க வீடு வீடாக வண்டியில் போய் விற்ற, ஷ்வான்ஸ் நிறுவனத்தின் ஐஸ்கிரீம். பின்னால் போட்ட மதிப்பீட்டின்படி, அதைச் சாப்பிட்டு நோயுற்றவர்கள் 2,24,000 பேர்.

முட்டையால் வரும் தொற்று என்றதும் அரைவேக்காட்டு ஆம்லெட், பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் என்றுதான் பேச்சு போகும். தவறில்லை. ஆனால் பச்சை முட்டை எதையெல்லாம் தொட்டுவிட்டுப் போகிறது என்ற கேள்வி அந்தப் பேச்சில் வருவதில்லை. அதைக் கேட்க வைத்த நிகழ்வு என்பதால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

கிருமி முட்டைக்குள் வந்த கதை

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. மூச்சுவிடும் வழி அது. கிருமி நுழைகிற வழியும் அதுதான். கோழியின் எச்சம் ஓட்டில் ஒட்டி, ஈரமும் சேர்ந்தால், அதிலுள்ள சால்மோனெல்லா துளை வழியே உள்ளே போகலாம். சூடாக இருக்கும் முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவினால் இன்னும் மோசம். உள்ளிருப்பது சுருங்கும்போது வெளியே இருக்கும் அழுக்கு நீரை முட்டை தானே உறிஞ்சிக்கொள்ளும். ஆலைகளில் முட்டையைவிடச் சூடான நீரில் கழுவுவது இதற்காகத்தான். வீட்டில் முட்டையைக் கழுவி அடுக்கி வைக்காதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் இதுவே.

ஓடு சுத்தமாக இருந்தால் முட்டையும் சுத்தம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1980களில் அந்த நம்பிக்கை உடைந்தது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 1985 ஜனவரிக்கும் 1987 மே மாதத்துக்கும் இடையே இந்தக் கிருமியால் 65 நோய்ப்பரவல்கள். 2,119 பேர் நோயுற்றார்கள், 11 பேர் இறந்தார்கள். எந்த உணவால் வந்தது என்று தெரிந்தவை 35. அவற்றில் 27க்குக் காரணம் முட்டை அல்லது முட்டை சேர்ந்த பண்டம். அதுவும் கீறலோ அழுக்கோ இல்லாத, முதல் தரம் என்று முத்திரை வாங்கிய முட்டை.

விஷயம் இதுதான்: சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் கோழியின் சினைப்பையிலும் கருக்குழாயிலும் குடியேறிவிடுகிறது. ஓடு உருவாகும் முன்பே கிருமி உள்ளே இருக்கிறது. கோழிக்கோ ஒன்றும் தெரியாது; தீனி எடுக்கும், முட்டையும் இடும். பார்த்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

உள்ளே போன கிருமிக்கும் வாழ்க்கை எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்கரு அதற்கு ஒரு பாலைவனம். காரத்தன்மை அதிகம், பாக்டீரியாவின் சுவரை அரிக்கும் லைசோசைம் உண்டு, அது பெருகத் தேவையான இரும்பை ஒரு புரதம் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் புது முட்டையில் கிருமி இருந்தாலும் சொற்ப எண்ணிக்கையில்தான் இருக்கும். நாளாக ஆக, மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள சவ்வு தளர்ந்து, இரும்பும் ஊட்டமும் வெளியே கசியத் தொடங்கும். அறை வெப்பநிலையில் சுமார் மூன்று வாரத்தில் இந்த நிலை வரும். அதற்குப் பிறகு பெருக்கம் வேகம் எடுக்கும். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்தால் பெருக்கம் ஏறக்குறைய நின்றே போகும்.

நான்கு லட்சம் முட்டை ஒரே பாத்திரத்தில்

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவில் பின்னாளில் செய்த ஒரு மதிப்பீட்டின்படி, சுமார் 20,000 முட்டைக்கு ஒன்றில்தான் இந்தக் கிருமி இருக்கும். ஒரு வீட்டுக்கு இது பயப்படத் தேவையில்லாத எண். ஒரு நாளைக்கு இரண்டு முட்டை உடைத்தால், ஒரு கெட்ட முட்டையைச் சந்திக்கச் சராசரியாக 27 வருடம் ஆகும்.

பேக்கரிகளுக்கும் உணவு ஆலைகளுக்கும் போகும் முட்டை இப்படி ஒன்றிரண்டாகப் போவதில்லை. இயந்திரம் முட்டைகளை வரிசையாக உடைக்க, ஓடு நீங்கிய திரவம் தொட்டியில் சேரும். அதை அங்கேயே பாஸ்டரைஸ் செய்யாமல், அதற்கான ஆலைக்கு டேங்கரில் அனுப்புவதும் உண்டு. ஒரு டேங்கரில் 20 டன் திரவ முட்டை என்று வைத்துக்கொள்வோம். ஓடு நீங்கிய முட்டை ஒன்று 50 கிராம் என்றால், அதில் இருப்பது நான்கு லட்சம் முட்டை. இருபதாயிரத்துக்கு ஒன்று என்ற அதே விகிதத்தில், சுமார் 20 கெட்ட முட்டை. உடைத்துக் கலக்கிவிட்டதால் வெள்ளைக்கருவின் காவலும் போயிற்று. மஞ்சள்கருவின் ஊட்டம் எல்லாக் கிருமிக்கும் பொதுச்சொத்து. ஆக, பச்சைத் திரவ முட்டை ஏற்றிய டேங்கரில் சால்மோனெல்லா இருக்குமா என்று கேட்பதில் அர்த்தமில்லை. இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும்.

அப்படித்தான் பார்க்கிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த முட்டையை 60 டிகிரியில் மூன்றரை நிமிடம் வைத்துப் பாஸ்டரைஸ் செய்வார்கள். அதோடு கிருமி ஒழிந்தது. வழியில் இருந்ததைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. முட்டையைப் பொறுத்தவரை!

15 பேருக்கு 15 பேர்

மினசோட்டாவில் ஆய்வாளர்கள் செய்தது மிக எளிய வேலை. நோயுற்ற 15 பேர், அவர்களுக்கு ஈடாக நோயுறாத 15 பேர். இருசாராரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். நோயுற்றவர்களில் 11 பேர் ஷ்வான்ஸ் ஐஸ்கிரீம் சாப்பிட்டிருந்தார்கள். நோயுறாதவர்களில் 2 பேர்.

முப்பதே பேரிடம் கேட்டுவிட்டு, நாடு முழுக்க விற்கும் ஒரு பண்டத்தை நிறுத்தச் சொல்வதா? அப்போது கையில் ஆய்வுக்கூட ஆதாரம் எதுவும் இல்லை. ஐஸ்கிரீமில் கிருமி இருக்கிறது என்று யாரும் காட்டியிருக்கவில்லை. ஆனாலும் இந்த ஒப்பீட்டை நம்பித்தான் அக்டோபர் முதல் பாதியிலேயே ஐஸ்கிரீம் திரும்பப் பெறப்பட்டது. நிறுவனமும் மல்லுக்கு நிற்கவில்லை. இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கிற முடிவு இது. ஏன் என்பதைப் பின்னால் வந்த எண்களே சொல்கின்றன.

திரும்பப் பெற்ற பிறகு 226 ஐஸ்கிரீம்களைச் சோதித்தார்கள். கிருமி கிடைத்தது 8இல் மட்டும், அதாவது நூற்றுக்கு மூன்றரை. ஆதாரம் வரட்டும் என்று காத்திருந்து பத்து டப்பாவை மட்டும் சோதித்திருந்தால், பத்தும் சுத்தம் என்று வருவதற்கு நூற்றில் எழுபது வாய்ப்பு. ‘சோதித்தோம், ஒன்றும் இல்லை’ என்ற சான்றிதழோடு விற்பனை தொடர்ந்திருக்கும். ஐம்பது டப்பா சோதித்தாலும் ஆறில் ஒரு முறை இதே ஏமாற்றம்தான். கிருமி ஒரு பண்டத்தில் சீராகக் கரைந்து கிடப்பதில்லை. அங்கங்கே, கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். மாதிரி எடுத்துச் சோதித்து உணவைப் பாதுகாப்பானது என்று நிரூபித்துவிடலாம் என்று நம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த 226இல் எட்டைத்தான்.

எங்கே நுழைந்தது?

ஐஸ்கிரீம் ஆலை மினசோட்டாவின் மார்ஷல் நகரில் இருந்தது. பாலும் கிரீமும் சர்க்கரையும் கலந்த அடிக்கலவை, தொழிலில் பிரீமிக்ஸ் என்பார்கள், வேறு இடத்தில் தயாராகிப் பாஸ்டரைஸ் ஆகி டேங்கரில் வந்தது. மார்ஷல் ஆலையில் மணமும் சுவையும் சேர்த்து உறைய வைத்தார்கள். மறுபடி சூடாக்கவில்லை. பாஸ்டரைஸ் ஆன சரக்குதானே, எதற்கு இன்னொரு முறை?

ஆலைக்குள் 157 இடங்களில் துடைத்து எடுத்துச் சோதித்தார்கள். ஒன்றிலும் கிருமி இல்லை. டேங்கர்களிலிருந்து 204 மாதிரி. அவற்றிலும் இல்லை. சாதாரண விசாரணை என்றால் கோப்பை மூடியிருப்பார்கள்.

இவர்கள் மூடவில்லை, பயணப் பதிவுகளைத் தோண்டினார்கள். நோயோடு தொடர்புள்ள ஐஸ்கிரீம்களையும், அதே தேதிகளில் தயாராகி நோயோடு தொடர்பு தெரியாத ஐஸ்கிரீம்களையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் சேர்ந்த பிரீமிக்ஸ் எந்த டேங்கரில் வந்தது, அந்த டேங்கர் அதற்குச் சற்று முன்பு எதைச் சுமந்தது என்று பார்த்தார்கள். நோய் தந்தவற்றில், பச்சைத் திரவ முட்டையை இறக்கிவிட்டு நேரே வந்த டேங்கர்களின் பிரீமிக்ஸ் பங்கு அதிகமாக இருந்தது. தற்செயலாக இப்படி அமைய நூற்றில் இரண்டு வாய்ப்புதான். ‘பெரும்பாலும் இதுவே காரணம்’ என்று ஆய்வு முடித்தது. டேங்கரில் கிருமியைக் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை என்பதால் அந்தப் ‘பெரும்பாலும்’. நேர்மையான சொல்.

லாரித் தொழிலில் காலி வண்டி ஓட்டுவது நஷ்டம் என்பது யாருக்கும் தெரிந்தது. ஒரு ஊரில் முட்டையை இறக்கினால், திரும்பும் வழியில் ஏதாவது சரக்கு கிடைக்காதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு பயணத்தையும் தனியாக எடுத்தால் குற்றம் சொல்ல முடியாது. பச்சை முட்டையை டேங்கரில் கொண்டு போகலாம். பால் கலவையையும் கொண்டு போகலாம். இடையில் கழுவிவிட வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே வண்டியில் அடுத்தடுத்து ஏறும்போது ஒரு வேறுபாடு யார் கண்ணிலும் படாமல் போனது. முட்டைக்குச் சூடு இனிமேல்தான் வரப்போகிறது. பிரீமிக்ஸுக்குச் சூடு முடிந்துவிட்டது. முன்னதில் எது கலந்தாலும் மன்னிப்பு உண்டு. பின்னதில் ஒரு சொட்டு சேர்ந்தாலும் அது அப்படியே கரண்டிக்குப் போகும்.

கழுவினால் போகாதா? முட்டை அடித்த பாத்திரத்தைச் சுடுநீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். முட்டை அங்கேயே வெந்து, வெள்ளைப் படலமாக அப்பிக்கொள்ளும். நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கும். எஃகுத் தொட்டியிலும் இதேதான். முதலில் வெதுவெதுப்பான நீரில் அலசி, பிறகு காரக் கரைசல், பிறகு கிருமிநீக்கி என்று வரிசை தப்பாமல் போக வேண்டும். அவசரத்தில் கொதிநீரைப் பீய்ச்சினால் படலம் சமைந்து, அடியில் உள்ள கிருமிக்குக் கூரை போட்டது போலாகிவிடும். தொட்டியின் நடு உடல் வழவழப்பானது, எளிதில் சுத்தமாகும். தொல்லை தருவன ஓரங்கள்: சரக்கு இறங்கும் வால்வு, அதன் ரப்பர் கேஸ்கட், மேல் மூடியின் விளிம்பு, ஹோஸ் குழாயின் இணைப்பு. வால்வைக் கழற்றிப் பிரித்துக் கழுவாவிட்டால் அதன் மடிப்பில் ஒரு தேக்கரண்டி முட்டை தங்கும். அடுத்து ஏறும் பல ஆயிரம் லிட்டர் பிரீமிக்ஸுக்கு அது போதும்.

ஒரு கரண்டியில் எத்தனை?

கிடைத்த ஐஸ்கிரீம்களில் கிருமியின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஒருவர் ஒரு வேளை சாப்பிட்ட அளவில் சில பத்துகளுக்குள்தான் என்று கணக்கிட்டார்கள். சால்மோனெல்லா நோய் தர லட்சக்கணக்கில் உள்ளே போக வேண்டும் என்ற பழைய பாடத்துக்கு இது நேர் எதிர். ஐஸ்கிரீமின் கொழுப்புதான் இங்கே கைகொடுத்திருக்கலாம், கிருமிக்கு. கொழுப்புக்குள் பொதிந்து போனால் வயிற்றின் அமிலம் அதை எளிதில் தொடாது என்று கருதுகிறார்கள். உறைநிலையோ அதை முழுக்கக் கொல்வதில்லை; மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். குளிர் பெருக்கத்தை நிறுத்தும், அடியோடு கொல்லாது. ஃப்ரீசரில் வைத்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்பவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன்.

சாப்பிட்டவர்களில் நோயுற்றவர்கள் 6.6 விழுக்காடு. திருப்பிக் கணக்குப் போட்டால், சுமார் 34 லட்சம் பேர் அந்த ஐஸ்கிரீமைச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உறுதியானதோ இதில் மிகச் சிறிய பகுதி. வயிறு கலங்கினால் பெரும்பாலோர் இரண்டு நாள் கஞ்சி குடித்துப் படுத்திருப்பார்கள். மருத்துவரிடம் போனாலும் மலப் பரிசோதனைக்குக் கொடுப்பவர் சிலரே. மினசோட்டாவில் அந்தச் சிலரின் கிருமியையும் வகை பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கம் இல்லாத இடத்தில் இதே நிகழ்வு நடந்திருந்தால், ‘இந்தச் சீசனில் வயிற்றுப்போக்கு கொஞ்சம் அதிகம்’ என்ற ஒரு வரியோடு போயிருக்கும்.

சாதாரண உடல்நிலை உள்ளவருக்கு இது நான்கிலிருந்து ஏழு நாள் அவதி. கைக்குழந்தை, முதியவர், கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் கிருமி குடலைத் தாண்டி ரத்தத்தில் இறங்கலாம். 1987இல் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில், பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் சேர்ந்த உணவால் 404 நோயாளிகள் பாதிக்கப்பட்டு, 9 பேர் இறந்தார்கள். அதே கிருமிதான், சாப்பிட்டவர்கள் ஏற்கெனவே படுக்கையில் இருந்தவர்கள்.

எச்சரித்த பிறகும்

வீட்டுக்கே கொண்டுபோய் விற்கிற நிறுவனம் என்பதால், யார் வாங்கினார்கள் என்ற பட்டியல் கையில் இருந்தது. திரும்பப் பெறுவதற்கு இதைவிட வசதி கிடைக்காது. செய்தியும் நாடெங்கும் வந்தது. ஆனாலும் ஜார்ஜியா மாநிலத்தில் பிறகு விசாரித்தபோது, எச்சரிக்கையைக் கேட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முதலில் அதை நம்பவில்லை என்று தெரிந்தது. நான்கில் ஒருவர் கேட்ட பிறகும் சாப்பிட்டிருந்தார்கள்! அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டப்பாவைத் திறந்தால் நிறம் மாறவில்லை, வாடை இல்லை, போன வாரம் பாதி சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை. கெட்டுப்போன உணவை மூக்கு கண்டுபிடிக்கும். கிருமி உள்ள உணவை மூக்கு கண்டுபிடிக்காது.

சமையலறை டேங்கர்

இந்த நிகழ்வைப் படித்த பிறகு என் கண் போவது முட்டையைவிட, முட்டை இருந்த பாத்திரத்தின் மேல்தான். ஆம்லெட் நன்றாக வெந்திருக்கும்; 71 டிகிரியைத் தாண்டிக் கெட்டியாகியிருக்கும். ஆனால் முட்டை அடித்த அதே கிண்ணத்தை ஒரு அலசு அலசி, அதில் சாலட் கலப்பார்கள். முட்டை அடித்த கரண்டியாலேயே வெந்ததை எடுத்து வைப்பார்கள். மார்ஷலில் நடந்ததன் சிறு வடிவம் இது: சூடு முடிந்த பண்டம், சூடு காணாத முட்டையின் பாத்திரத்தில். விடுதிகளிலும் கேட்டரிங்கிலும் இன்னொன்று: காலையிலேயே ஐந்நூறு முட்டையை ஒரே அண்டாவில் உடைத்து வைத்துக்கொண்டு, மதியம் வரை மொண்டு மொண்டு ஊற்றுவது. ஒரு கெட்ட முட்டை ஐந்நூறையும் கெடுக்க அவகாசம் கொடுக்கிற ஏற்பாடு அது. தேவைக்கு உடைத்து உடனே வேக வைப்பவர்களிடம் அந்த ஒரு முட்டை ஒரு தட்டோடு நின்றுவிடும், அதுவும் வேகாமல் போனால்தான். பச்சையாகவே சேர்த்தாக வேண்டிய பண்டம் என்றால், பாஸ்டரைஸ் செய்த முட்டை கிடைக்கிறது.

பிறகு வந்த விதிகள்

ஆய்வறிக்கையின் பரிந்துரை ஒரே வரிதான்: மறுபடி பாஸ்டரைஸ் செய்யப்போகாத உணவை, அதற்கென்றே ஒதுக்கிய கலத்தில் மட்டும் கொண்டு போக வேண்டும். ஷ்வான்ஸ் அதோடு நிற்காமல், வந்து சேரும் பிரீமிக்ஸைத் தன் ஆலையில் இன்னொரு முறை பாஸ்டரைஸ் செய்யும் ஏற்பாட்டுக்கும் போனது. செலவுதான். ஆனால் வாய்க்குப் போகும் முன் கடைசியாக நடப்பது சூடு என்ற வரிசை திரும்பக் கிடைத்தது.

சட்டம் இவ்வளவு வேகமாக நகரவில்லை. குப்பை ஏற்றிய வண்டிகள் திரும்பும்போது உணவு ஏற்றுகின்றன என்ற கூச்சலால் 1990இலேயே உணவுப் போக்குவரத்துக்கு அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்திருந்தது. போக்குவரத்துத் துறையிடம் கொடுக்கப்பட்ட அந்த வேலை, இறுதி விதிகள் வெளிவராமலேயே நின்றது. ஐஸ்கிரீம் நிகழ்வு நடந்தபோது சட்டம் இருந்தது, விதி இல்லை. 2005இல் பொறுப்பு சுகாதாரத் துறைக்கு மாறியது. உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இறுதி விதியை வெளியிட்டது 2016 ஏப்ரலில். சரக்கு அனுப்புகிறவர் கேட்டால், டேங்கர்காரர் இரண்டு விவரம் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது: இந்தத் தொட்டியில் இதற்கு முன் என்ன ஏற்றினீர்கள், கடைசியாக எப்படிக் கழுவினீர்கள்.